புது டைல்ஸ் தட்டினால் வெற்றுச் சத்தம்: பாஸுக்கு மிச்சக் காசைக் கொடுப்பதா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்பா காலத்து வீடு. ஹோலில் இருந்த சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மேலேயே இரண்டுக்கு இரண்டு அடி போர்சலின் டைல்ஸ் பதித்திருக்கிறீர்கள். சதுர அடிக் கணக்கில் கொந்தராத்து. டைல்ஸும், அதை ஒட்டும் கலவையான டைல் மோட்டாரும் நீங்கள் வாங்கிக் கொடுத்தவை. வேலை முடிந்து மூன்று கிழமை. இப்போது சில இடத்தில் ஓரம் தூக்கி நிற்கிறது, அம்மாவின் கால் இடறுகிறது, தட்டினால் பத்துப் பன்னிரண்டு டைல்ஸ் வெற்றுச் சத்தம் போடுகின்றன. டைல்ஸ் பதித்த மேசன் பாஸ் “எல்லா வீட்டிலும் இப்படித்தான், போகப் போக இறுகிவிடும்” என்று சொல்லி மிச்சக் காசைக் கேட்கிறார். அண்ணா ஒரு சதமும் கொடுக்காதே என்கிறார். கொடுக்கலாமா கூடாதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இது பொறுத்துக்கொண்டு போகக்கூடிய குறையா, உடைத்துத் திரும்பச் செய்யவேண்டிய பிழையா? அது தெரியாமல் காசைப் பற்றிக் கதைத்தால் சண்டைதான் மிஞ்சும். அதனால் முதலில் தரை, பிறகு காசு.

நான் கட்டட வேலைத் தளங்களில் மேற்பார்வை பார்த்தே தலை நரைத்தவன். சட்டத்தரணி இல்லை. அந்தக் கணக்கில் வாசியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். “போகப் போக இறுகும்” என்பது நடக்காது. சீமெந்து சேர்ந்த எந்தக் கலவையும் 28 நாள் வரை வலுக்கூடிக்கொண்டு போகும், அது உண்மைதான். ஆனால் டைலின் முதுகைத் தொடாத கலவை எத்தனை நாள் போனாலும் அதைத் தொடப்போவதில்லை. இன்றைக்கு வெற்றாகச் சத்தம் போடும் டைல் அடுத்த வருடமும் அப்படியே போடும், அல்லது அதற்குள் விட்டுவிடும்.

இனி ஓரம் தூக்கி நிற்பது. இதைக் கண்ணால் பார்த்துச் சண்டை பிடிக்கவேண்டாம், அளந்து பாருங்கள். கருவி வாங்கத் தேவையில்லை. ஒரு இரும்பு அடிமட்டத்தை உயர்ந்து நிற்கும் டைலின் மேல் வைத்து, பதிந்திருக்கும் டைலுக்கு மேலாக நீட்டிப் பிடியுங்கள். அடிமட்டத்துக்கும் பதிந்த டைலுக்கும் நடுவில் உங்கள் வங்கி அட்டையைச் செருகுங்கள். உலகம் முழுக்க அந்த அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். ஒரு அட்டையே இறுக்கமாகத்தான் போகிறது என்றால் அது ஏற்கக்கூடிய அளவு. இரண்டு அட்டை சேர்ந்து போனால் ஒன்றரை மில்லிமீற்றர், அது பிழை. இந்த எல்லையை நான் கையிலிருந்து போடவில்லை. கிரவுட் (டைல்ஸுக்கு நடுவில் நிரப்பும் பூச்சு) இடைவெளி 6 மில்லிமீற்றருக்குக் குறைவான தரையில் பக்கத்து டைல்ஸின் உயர வித்தியாசம் 1 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது பிரித்தானிய நியமமான பி.எஸ். 5385 சொல்வது. அதே நியமம் 2 மீற்றர் நீள நேர்ச்சட்டத்துக்குக் கீழே 3 மில்லிமீற்றருக்கு மேல் பள்ளம் இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. பாஸிடம் ஒரு அலுமினியம் பார் இருக்கும், அதை வைத்தே பார்த்துவிடலாம். பெரிய இடங்களில் மேற்பார்வை செய்பவர்கள் இந்த அளவையே கையில் எடுப்பார்கள். வீட்டு வேலையில் ஒப்பந்தத்தில் எழுதாத வரைக்கும் அது சட்டம் ஆகிவிடாது, ஆனால் “நல்ல வேலை என்றால் என்ன” என்ற வாதத்துக்கு ஒரு அடி நிலம் கிடைக்கிறது.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். டைலே வளைந்து வந்திருந்தால் எந்தப் பாஸாலும் ஓரத்தைச் சமப்படுத்த முடியாது. மிச்சப் பெட்டியிலிருந்து இரண்டு டைலை எடுத்து முகத்துக்கு முகம் வைத்துப் பிடியுங்கள். நடுவில் முட்டிக்கொண்டு ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தால் டைல் வளைவு. அப்படியென்றால் குறையில் ஒரு பங்கு கடைக்காரருக்கும் தயாரித்தவருக்கும் போகும். மரப்பலகை மாதிரி நீள டைல்ஸ் போட்டவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு: செங்கல் அடுக்குவதுபோல் பாதிக்குப் பாதி தள்ளிப் பதித்தால் ஒரு டைலின் உயர்ந்த நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனையோடு சந்திக்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளிப் பதிப்பது அதற்காகத்தான்.

வெற்றுச் சத்தம் இதைவிடக் கனமான விஷயம். ஐந்து ரூபாக் குத்தியை எடுத்து ஒவ்வொரு டைலிலும் நான்கு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் தட்டுங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித நாடாவை ஒட்டிக்கொண்டே போங்கள். முடிந்ததும் கதிரையில் ஏறி நின்று முழுத் தரையையும் ஒரு படம் எடுங்கள். உங்கள் ஹோல் 220 சதுர அடி என்கிறீர்கள், அதாவது சுமார் 55 டைல்ஸ். நாடா எங்கே கூடியிருக்கிறது என்பது நிறையச் சொல்லும். ஒரே மூலையில் திரண்டிருந்தால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது: கலவை காய்ந்திருக்கலாம், பாஸ் கையாளை விட்டுப் பதிப்பித்திருக்கலாம். ஹோல் முழுக்கச் சிதறியிருந்தால் பதித்த முறையே பிழை.

ஆனால் சத்தம் மட்டும் தீர்ப்பு ஆகாது. தடிப்பான மணல் சீமெந்துப் படுக்கை, கீழே உள்ள பழைய தரையின் வெடிப்பு, இவையும் சத்தத்தை மாற்றும். ஒரு மூலையில் மட்டும் வெற்றாக இருக்கும் டைல் சோபாவுக்குக் கீழே பல வருடம் சும்மா கிடக்கவும் கூடும். நடக்கும் பாதையில் இருப்பது அப்படி இராது. மேசைக் காலோ காஸ் சிலிண்டரோ ஒரு புள்ளியில் அழுத்தும்போது, கீழே தாங்க ஒன்றும் இல்லாத மூலைதான் முதலில் உடையும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு டைலைக் கழற்றிப் பாருங்கள், பாஸ் பக்கத்தில் இருக்கும்போது. அவர் இல்லாமல் உடைத்தால் “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்பார், அது அவருக்கு நியாயமான வாதமும்கூட. நாடா ஒட்டியதில் மிக மோசமான ஒன்றை அவரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். சுற்றிவர கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு உளியை மெதுவாகச் செருகி நெம்பினால், பிடிக்காத டைல் பெரும்பாலும் உடையாமலே வரும். வந்ததும் அதைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்து முதுகைப் பாருங்கள்.

மூன்று விதமாக இருக்கும். முதுகில் நான்கைந்து குவியல் கலவை மட்டும், நடுவெல்லாம் வெற்றிடம் என்றால், பாஸ் தரை முழுக்கக் கலவை பரப்பாமல் உருண்டை வைத்து அமர்த்தியிருக்கிறார். வேலை சீக்கிரம் முடியும், கலவையும் மிஞ்சும், தரைக்கு அது சரிவராது. வீட்டுக்குள் ஈரம் படாத தரையில் டைலின் முதுகில் குறைந்தது 80 சதவீதம் கலவை பிடித்திருக்கவேண்டும், பாத்ரூம் போன்ற ஈர இடத்தில் 95 சதவீதம் என்பது அமெரிக்க நியமம். இரண்டாவது: தரையில் பல்லுக் கரண்டி இழுத்த வரி வரியான கலவை அப்படியே நசுங்காமல் இருக்கிறது, டைலின் முதுகு கிட்டத்தட்டச் சுத்தம். கலவையைக் கூடப் பரப்பிவிட்டு, மேலே தோல் பிடித்த பிறகு டைலை வைத்திருக்கிறார். பெரும்பாலான டைல் மோட்டார்கள் பரப்பி 20 நிமிடத்துக்குள் டைல் வைக்கவேண்டியவை. கொழும்பு வெக்கையில் மின்விசிறியையும் போட்டுவிட்டால் அதற்கு முன்பே தோல் பிடித்துவிடும். டைலின் முதுகில் இருக்கும் வெள்ளைத் தூளை ஈரத் துணியால் துடைக்காவிட்டாலும் இதே மாதிரித்தான் வரும். போர்சலின் தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே வெறும் சீமெந்துக் கரைசல் அதில் பிடிக்காது, அதற்கென்று வரும் மோட்டாரே வேண்டும். நீங்கள் வாங்கிக் கொடுத்த பைகள் எத்தனை, வெறும் பைகள் எத்தனை மிச்சம் என்று பாருங்கள். அவர் அதோடு மணலும் சீமெந்தும் கலந்து நீட்டியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் உங்கள் வீட்டில் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. டைலும் கலவையும் நன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாக வந்திருக்கும், கலவையின் அடியில் சிவப்புச் சாயம் பூசினாற்போல் இருக்கும், பழைய தரை பளபளவென்று கிடக்கும். அந்தக் காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை மேலே மெல்லிய நிறப் படையாகப் போட்டு, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கியது. அதற்கு மேல் ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் உங்கள் வீட்டில் மெழுகுப் பொலிஷ் போட்டு, பாதித் தேங்காய் மட்டையால் உரஞ்சியிருப்பீர்கள். பல பத்து வருட மெழுகு. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மா எப்படி ஒட்டாதோ அப்படித்தான் இதில் கலவையும். பதிக்கும் முன் அந்த நிறப் படையைக் கொத்தியோ கிரைண்டரால் அராவியோ எடுத்திருக்கவேண்டும். கொத்தினேன் என்று பாஸ் சொன்னால், கழற்றிய இடத்தில் கொத்திய குழிகள் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். அடிக்கு ஒரு குழி என்பது கொத்தியதில் சேராது. பக்கத்து அறையில் பழைய தரை இன்னும் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரை அதில் விடுங்கள். சில நிமிடம் கழித்தும் முத்தாக நின்றால் விஷயம் விளங்கிவிடும்.

பார்க்கவேண்டிய இன்னொன்று சுவர் ஓரம். சுவரின் அடியில் ஒட்டும் பட்டியான ஸ்கேர்ட்டிங்குக்குப் பின்னால் டைலுக்கும் சுவருக்கும் நடுவில் ஐந்தாறு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். கிரவுட் இடைவெளியே இல்லாமல், சுவரோடும் முட்டிப் பதித்திருந்தால் தரை விரிய இடமில்லாமல் ஒரு நாள் நடுவில் கூடாரம்போல் எழும்பும். அது ‘டொம்’ என்று சத்தத்தோடு நடக்கும், ஆட்கள் பயந்துபோவார்கள்.

சரி, பொறுப்பு யாருடையது? உருண்டை வைத்தது, காய்ந்த கலவை, கொத்தாத தரை: மூன்றும் கைவேலைப் பிழை. பொருள் நீங்கள் வாங்கியது என்பதால் அது மாறாது. “கொத்தினால் தூசி, கொத்தாமல் ஒட்டுங்கள்” என்று வீட்டுக்காரர் சொன்ன கதைகளும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னார்களா என்று முதலில் விசாரியுங்கள். சொல்லியிருந்தாலும் தொழில் தெரிந்தவர் “அப்படியென்றால் பிடிக்காது, நான் பொறுப்பில்லை” என்று மறுத்திருக்கவேண்டும் என்பதுதான் என் நிலை. ஆனாலும் நியாயம் பேசும்போது அந்தப் பங்கை நீங்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதேபோல மூன்றாம் நாளே அலுமாரியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

காசுக்கு வருவோம். அண்ணா சொல்வதுபோல் முழுவதையும் பிடித்து வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. நீங்கள் எழுதியபடி மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. அதில் கையாளின் நாள் சம்பளம் பாக்கி இருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள். அவர் பிழை செய்யவில்லை, பிறகு பாஸ் “கூலிக்காரன் வயிற்றில் அடிக்கிறார்கள்” என்று தெருவில் கதைக்கவும் இடமிராது. திருத்த எவ்வளவு செலவாகும் என்று வேறொரு பாஸிடம் எழுத்தில் விலை கேட்டு, அந்த அளவை மட்டும் பிடித்து வையுங்கள். பிடித்து வைக்கிற காசு தண்டனைக் காசு இல்லை, திருத்தினால் கிடைக்கும் காசு என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவருக்குத் திருத்த ஒரு வாய்ப்புக் கொடுப்பது முக்கியம், பின்னால் எங்கே போனாலும் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

பேசும் முறையும் முக்கியம். நாலு பேருக்கு முன்னால், கையாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது “உங்களுக்கு வேலை தெரியாது” என்றால் அவர் இரண்டாம் தரம் வரமாட்டார். தனியாகத் தேத்தண்ணி கொடுத்து, “பாஸ், நாடா ஒட்டின இடங்களைப் பாருங்கோ, ஒண்டைக் கழட்டிப் பாப்பம், என்ன செய்யலாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்று ஆரம்பியுங்கள். சிங்களத்தில்தான் கதைக்கவேண்டும் என்றால், நன்றாகக் கதைக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறை மொழியில் நடக்கும் பேரம்தான் சீக்கிரம் சத்தமாக மாறுவது. முடிவானதை அன்றைக்கே வட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்: எந்த டைல்ஸ், எப்படித் திருத்துவது, எந்தத் திகதிக்குள், முடிந்ததும் எவ்வளவு. “சரி” என்று ஒரு சொல் பதில் வந்தாலும் போதும்.

அவர் வராமலே விட்டால்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தொழிலாகச் செய்யப்படும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் தானாகவே அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. அந்த அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள். நீங்கள் மூன்று கிழமையில் இருக்கிறீர்கள், ஆகவே “பிறகு பார்ப்போம்” என்று இழுக்கவிடாதீர்கள். இதில் உறுதியானது சட்டம். கடை வைத்திராத தனி பாஸ் ஒருவரை அவர்கள் எவ்வளவு தூரம் துரத்துவார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதைவிட மத்தியஸ்த சபைதான் இப்படிப்பட்ட தகராறுக்கு ஏற்ற இடம் என்பேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சட்டத்தரணி வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் இருந்து கதைத்து எழுதிக் கையொப்பம் வைப்பது. சிறிய தொகைத் தகராறுகள் நீதிமன்றம் போகும் முன் அங்கே போய்வரத்தான் வேண்டும். நீதிமன்றம் வரை போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு வழக்குப் போடும் காலம் ஆறு வருடம், வாய்ப் பேச்சுக்கு மூன்று வருடம். கடை வாசலில் பேசி முடித்த கொந்தராத்து இந்த இரண்டாவது வகை.

திருத்த வருகிறேன் என்று அவர் வந்தால் எதை ஏற்பது? கிரவுட்டைத் திரும்பப் பூசித் தருகிறேன் என்றால் வேண்டாம், அது மறைப்பு. துவாரம் போட்டு எப்பொக்சிப் பசை ஊற்றுவது, வெற்றிடம் சிறிதாகவும் அடித்தரை உறுதியாகவும் இருக்கும் இரண்டு மூன்று டைலுக்குச் சரி. மெழுகுத் தரைக்கு மேல் அது காசை ஊற்றுவது. தூக்கி நிற்கும் ஓரத்தைக் கிரைண்டரால் அராவுகிறேன் என்றால் மேற்பூச்சு போய்விடும், பிறகு அழுக்குப் பிடித்துக் கறுக்கும். இதற்கு மேலேயே இன்னொரு படை டைல்ஸ் ஒட்டலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கீழே பிடிக்காததற்கு மேல் எதை ஒட்டினாலும் கீழே உள்ளதோடு சேர்ந்துதான் வரும், கதவும் திறக்காது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடி வீடுகளில் இதை வாசிப்பவர்களுக்கு: அந்த இரண்டாம் படையை மணல் சீமெந்தில் பதித்தால், இரண்டு அங்குலப் படுக்கையும் டைல்ஸும் சேர்ந்து 200 சதுர அடிக்கு இரண்டு தொன்னுக்கு மேல் பாரம். பொறியியலாளரைக் கேட்காமல் மாடியில் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள்.

கழற்றிய டைல் முதல் இரண்டு வகையில் ஒன்றாக இருந்தால் நாடா ஒட்டியவற்றை மட்டும் மாற்றினால் போதும். மூன்றாவது வகை என்றால் இன்றைக்கு நல்ல சத்தம் போடும் டைல்ஸும் நம்பிக்கைக்கு உரியவை இல்லை. முழு ஹோலையும் எடுத்து, நிறப் படையைக் கொத்தி, திரும்பப் பதிப்பதுதான் நேர்மையான வேலை. அது பாஸின் மிச்சக் காசுக்குள் அடங்காது, அவர் முழுவதையும் தன் கையால் செய்வார் என்று எதிர்பார்ப்பதும் வீண். பெரும்பாலும் முடிவது இப்படி: கூலி அவருடையது, புது மோட்டாரும் உடையும் டைல்ஸும் உங்களுடையது. கசப்பாக இருக்கும், ஆனால் வேறு பாஸைப் பிடித்து முழுக் காசும் கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய கையில் இனி நம்பிக்கை இல்லை என்றால் கணக்கை முடித்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பிடிப்பதிலும் பிழை இல்லை. கையில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று புது ஆளைக் கேளுங்கள், ஆனால் அவர் போன வருடம் பதித்த தரை ஒன்றைப் போய்த் தட்டிப் பார்ப்பதையே நான் அதைவிட நம்புவேன்.

டைல்ஸ் வாங்கப் போகும்போது பழைய பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் நிற இலக்கத்தையும் அளவு இலக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதே பெயர், அதே டிசைன் என்றாலும் இலக்கம் மாறினால் நிறம் ஒரு சாயல் தள்ளும், அளவும் அரை மில்லிமீற்றர் தள்ளும், கிரவுட் கோடு வளையும். அதே இலக்கம் கிடைக்காவிட்டால் அலுமாரிக்குக் கீழே இருக்கும் நல்ல டைல்ஸைக் கழற்றி நடுவில் போட்டு, புதியதை அலுமாரிக்குக் கீழே தள்ளச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முதல் நாள் காலை, மூன்றாவது டைல் வைத்தவுடன் அதைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு நிறையக் கலவை இருந்தால் அவரைத் தன் பாட்டில் விட்டுவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம். முடித்து ஒரு நாள் யாரும் மிதிக்கக்கூடாது, அதற்குப் பிறகுதான் கிரவுட், அலுமாரியும் சோபாவும் உள்ளே வர ஒரு கிழமை போகட்டும். அதுவரை அம்மாவைக் குசினிப் பக்கத்து வாசலால் போய்வரச் சொல்லுங்கள்.